ஆறு இஞ்ச் பேரல்

லியோவுக்குப் பூட்டின அறை ஆகாது. லிஃப்டில் ஏறமாட்டான். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்காவிட்டால் படிக்கட்டுப் பக்கம் நின்றே வருவான். சுனாமி அன்றைக்குக் கடலூர் ஓல்டு டவுனில் ஒரு ஐஸ் குடோனுக்குள், இடுப்பளவு தண்ணீரில் மூன்று மணி நேரம் மாட்டிக் கிடந்தவன். அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் ஜோக் அடிப்பான். அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டான். நாலு வருஷமாக அவனுக்குச் சம்பளம் கொடுக்கும் துப்பறியும் நிபுணர் ஜெயராணிக்கு மட்டும் ஒரு தடவை சொல்லியிருக்கிறான்.

அதனால்தான் அந்த வியாழக்கிழமை பகலில், உப்பனாற்றங்கரையில் இருந்த ரைபிள் கிளப் வாசலிலேயே நின்றுவிட்டான். ஒரு காலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை அடுக்கிய குடோன் அது. சுவர் ஒவ்வொன்றும் நாலு வீட்டுச் சுவரின் கனம். ஜன்னல் கிடையாது.

"மேடம், நான் வெளியிலயே நிக்கறேன். வண்டிக்கு ஒரு காவல் வேணும்ல?"

"நம்ம ஸ்கூட்டிய எவன் தூக்கப் போறான்? வா."

"தூக்க மாட்டான்தான். ஸ்டார்ட் ஆனாதான ஓட்டிகிட்டுப் போவான்."

ஜெயராணி சிரிக்கவில்லை. ஆயுதப்படையில் பதினெட்டு வருஷம் துப்பாக்கி துடைத்துவிட்டு, மேலதிகாரியோடு மோதி வேலையை வீசிவிட்டு வந்தவள். அவள் சிரிக்காத நாளில் மனசில் ஏதோ வைத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

கேஸ் இதுதான். கிளப் செக்ரட்டரி சிங்காரம், சிதம்பரம் தெற்கு வீதியில் தனியாக வசித்த ரிட்டயர்டு இன்ஜினியர். பதினெட்டு நாளைக்கு முன்னால் தன் வீட்டு ஹாலில் நெஞ்சில் ஒரு குண்டோடு செத்துக் கிடந்தார். அன்று காலை அவரைப் பார்த்துவிட்டுப் போனவள் பெலிசியா. கடலூரில் பி.டி. டீச்சர். துப்பாக்கி சுடுவதில் மாநில அளவில் மெடல் வாங்கினவள். அவளிடம் லைசென்ஸோடு ஒரு மூணு இஞ்ச் ரிவால்வர் இருந்தது. சிங்காரத்தைக் கொன்றதும் அதே முப்பத்திரெண்டு ரகக் குண்டுதான். போதாததற்கு அவர் பர்ஸுக்குள் பெலிசியாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு.

'நாலு போதாது சார். ஆறு வேணும். எட்டு ஜாஸ்தி. இப்போதைக்கு யாருக்கும் தெரிய வேணாம்.'

இன்ஸ்பெக்டர் அதைக் குண்டுக் கணக்கு என்றே படித்தார். இரண்டு பேரும் சேர்ந்து யாரையோ தீர்த்துக்கட்டத் திட்டம் போட்டார்களாம், இடையில் தகராறு வந்து அவரையே சுட்டுவிட்டாளாம். "செத்தது ஒரே குண்டுல. அப்ப மீதி அஞ்சு எங்க சார்?" என்று லியோ கேட்டதற்கு, அவனை ஸ்டேஷனுக்கு வெளியே அனுப்பினார்கள்.

பெலிசியா கைதானதும் அவள் அம்மா சவரியம்மாள்தான் ஜெயராணியிடம் ஓடி வந்தாள். போன வாரம் ஜெயிலில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று பெலிசியா சொன்னது வேறு கதை. சிங்காரத்தின் சிநேகிதர் ஒருவர் பாண்டிச்சேரியில் இறந்துபோனார். அவர் வீட்டில் பழைய வெளிநாட்டு ரிவால்வர் மூன்று. எல்லாம் அதே முப்பத்திரெண்டு ரகம், பேரல் மட்டும் நாலு இஞ்ச், ஆறு இஞ்ச், எட்டு இஞ்ச். டார்கெட் சுட எதை எடுக்கலாம் என்று சிங்காரம் கேட்டார். அவள் எழுதிக் கொடுத்தாள். லைசென்ஸ் பேப்பர் முடியாததால் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் எழுதினாள். அவர் மே மாசமே ஆறு இஞ்ச்சை எடுத்து வந்துவிட்டார் என்றாள்.

"அந்தத் துப்பாக்கி எங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார். எங்கேயும் இல்லை. அப்படி ஒன்று கிளப்புக்கு வரவே இல்லை என்று கோச் கொளஞ்சியப்பன் எழுதிக் கையெழுத்தே போட்டுவிட்டான். குண்டு எந்தத் துப்பாக்கியில் இருந்து வந்தது என்கிற லேப் ரிப்போர்ட்டுக்கு மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கொளஞ்சியப்பனோ இன்று ராத்திரி சார்ஜாவுக்கு விமானம் ஏறுகிறான்.

பேசி முடிக்கிறவரைக்கும் பெலிசியா ஒரு தண்ணீர் பாட்டிலைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டே நின்றாள். "பழக்கம் விட்டுப் போயிடக் கூடாதுண்ணா" என்றாள். அந்தக் கை ஆடவில்லை. அதைப் பார்த்த பிறகு லியோவால் இந்தக் கேஸை விட முடியவில்லை.

"வாங்க மேடம், வாங்க தம்பி" என்று கொளஞ்சியப்பன் கிளப் வாசலுக்கு வந்தான். கம்மாபுரத்துக்காரன். ஐம்பது வயசுக்குக் கொஞ்சம் குறைவு. அளவெடுத்த மாதிரி பேச்சு. "ரெண்டு மணிக்கு மெட்ராஸ் பஸ். அதுக்குள்ள எது வேணும்னாலும் பாத்துக்குங்க. இங்க இருந்த பதினோரு துப்பாக்கியையும் போலீஸ் லிஸ்ட் போட்டு எடுத்துகிட்டுப் போயிடுச்சி. இப்ப இது வெறும் குடோன்தான்."

உள்ளே நுழைந்ததும் லியோவுக்கு மூச்சு கனத்தது. வெளிச்சம் என்று இருந்தது, வாசல் பக்கத்துக் கூரையில் பதித்த இரண்டு கண்ணாடி ஓடு வழியாக வந்ததுதான். கரண்ட் பன்னிரண்டு மணிக்கே போய்விட்டது. குடோனின் அந்தக் கோடியில் குண்டு தாங்குவதற்காக மணல் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் ஆற்றுப் பக்கம் திறக்கிற ஒரு இரும்புக் கதவு, உள்பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது.

சுவரில் டார்கெட் பேப்பர்கள் தேதியோடு ஒட்டியிருந்தன. ஒரு வரிசை முழுக்க கொளஞ்சியப்பனுடையது. மார்ச்சில் குண்டுகள் கோழி கிளறின மாதிரி சிதறியிருந்தன. ஏப்ரலிலும் அதே கிளறல். ஜூன் பிறந்ததும் எல்லாக் குண்டும் நடுவட்டத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தது.

"சார், ஜூன்ல கண்ணு ஆபரேஷன் ஏதாச்சும் பண்ணிகிட்டீங்களா?" என்றான் லியோ.

"பிராக்டீஸ் தம்பி." அவன் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது. "ரிஜிஸ்டர் எடுத்தாரேன்" என்று பக்கத்து அறைக்குள் போனான்.

ஜெயராணி சட்டென்று சுடும் மேஜைப் பக்கம் குனிந்தாள். மேஜைமேல் காக்கித் துணி தைத்த ஒரு பஞ்சுத் திண்டு. புதுத் துப்பாக்கியைச் சோதித்துப் பார்க்கும்போது கை ஆடாமல் இருக்க அதன்மேல் சாய்த்துச் சுடுவார்கள். துணியில் அங்கங்கே கருகின தடம். கைப்பையில் இருந்து டெய்லர் டேப்பை எடுத்தாள்.

"ரவிக்கைக்கு அளவா மேடம்?"

"வாய மூடிகிட்டுப் பாரு. ரிவால்வர்ல குண்டு இருக்கற உருளைக்கும் பேரலுக்கும் நடுவுல ஒரு மயிரிழை சந்து இருக்கும். சுட்டா அது வழியா நெருப்பு பக்கத்துல துப்பும். பேரல் முனையிலயும் துப்பும். அதனால துணியில ஜோடி ஜோடியா கருகும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரம்தான் பேரல் நீளம்."

முதல் ஜோடியை அளந்தாள். மூணு இஞ்ச். அடுத்ததும் மூணு. ஓரத்தில் புதுசாக, திட்டாகக் கருகியிருந்த ஜோடியின்மேல் டேப்பை வைத்தாள். லியோ குனிந்து எண்ணைப் படித்தான். ஆறு.

"நீளத்துல அப்படி என்ன மேடம் இருக்கு? எதுல சுட்டாலும் சாவான்ல?"

"சாவடிக்க மூணு இஞ்ச் போதும். டார்கெட்டுக்கு ஆகாது. முன்னாடி குறிக்கும் பின்னாடி குறிக்கும் தூரம் கம்மியா இருந்தா, கை ஆடறது கண்ணுக்கே தெரியாது. ஆறு இஞ்ச்ல தெரியும், திருத்திக்கலாம். எட்டுன்னா முன்பாரம் இழுத்து தோள்பட்டை நடுங்கிடும். பெலிசியா சரியாத்தான் எழுதியிருக்கா." டேப்பைச் சுருட்டினாள். "அது இங்கதான் சுடப்பட்டிருக்கு. இங்கதான் இருக்கவும் இருக்கு."

"கொலை பண்ண துப்பாக்கிய ஆத்துல போடாம வச்சிருப்பானா?"

"தன்னோட நல்ல டார்கெட்டக் கிழிச்சிப் போட மனசு வராதவன், அந்தத் துப்பாக்கியையா போடுவான்?"

கொளஞ்சியப்பன் ரிஜிஸ்டரோடு திரும்பி வந்தான். அந்த நேரம் பார்த்து முன்கதவு டமாரென்று சாத்தியது. வெளியே இரும்புத் தாழ்ப்பாள் இழுபடும் சத்தம்.

முதலில் கொளஞ்சியப்பன்தான் ஓடினான். "சாமிக்கண்ணு! யோவ் சாமிக்கண்ணு! ஆளு இருக்கோம்யா உள்ள!" பதில் இல்லை. "வாட்ச்மேன்தான் மேடம். ஆள் இல்லன்னு நெனச்சி மூடிட்டுச் சாப்புடப் போயிட்டான் போல. நாலு மணிக்குத்தான் வருவான்."

மூன்று பேரின் செல்போனிலும் சிக்னல் இல்லை. அந்தச் சுவருக்குள் என்றைக்குமே வராது என்றான் கொளஞ்சியப்பன். "சுட்டா சத்தம் கேட்டு யாராச்சும் வருவாங்களே?" என்று லியோ கேட்டுவிட்டு, அவனே பதிலும் சொன்னான். "ரைபிள் கிளப்ல சுட்டா எவன் வருவான்?"

அன்றைக்கு அவன் அடித்த கடைசி ஜோக் அதுதான்.

பத்து நிமிஷத்தில் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. இருபதாவது நிமிஷம் கதவைக் கையால் குத்த ஆரம்பித்தான். காலடியில் சிமெண்ட் தரை காய்ந்துதான் கிடந்தது. ஆனால் அவனுக்குக் கெண்டைக்காலில் ஈரம் ஏறுகிற மாதிரி இருந்தது. செல்போன் டார்ச்சை அடித்துத் தரையைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். "தொறங்க! யாராச்சும் தொறங்களேன்! ஐயோ, மாதாவே!" என்று அவன் போட்ட கூச்சல் அவனுக்கே யாரோ கத்துகிற மாதிரி கேட்டது. ஜெயராணி அவன் தோளைப் பிடித்தாள். தட்டிவிட்டான்.

கொளஞ்சியப்பன் வாட்ச்சைப் பார்த்தான். ஒன்று பத்து. பின்கதவுச் சங்கிலியை ஒரு இரும்புப் பைப்பால் அடித்துப் பார்த்தான். பைப்தான் வளைந்தது.

"பின்கதவு சாவி?" என்றாள் ஜெயராணி.

"சிங்காரம் சார் வூட்ல. அந்த வூட்டத்தான் போலீஸ் சீல் வச்சிடுச்சே."

லியோ கதவடியில் சரிந்து உட்கார்ந்துவிட்டான். மூச்சு உள்ளே போனது, வெளியே வர மறுத்தது. விரல்கள் மரத்துப்போயின. கொளஞ்சியப்பன் அவனையே உற்றுப் பார்த்தான். பிறகு வாட்ச்சைப் பார்த்தான். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்த மாதிரி எழுந்தான்.

"மேடம், தம்பிக்கு என்னமோ ஆயிடப் போவுது. மணல் மூட்டை சந்துல பழைய கடப்பாரை ஒண்ணு கெடந்த ஞாபகம். நீங்க இவர விட்டு நகராதீங்க."

இருட்டுக்குள் போனான். மூட்டை ஒன்று கிழிபட்டது. மணல் சரசரவென்று கொட்டியது.  பிறகு காது கிழிகிற சத்தம். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் சங்கிலி அறுந்து தரையில் விழுந்தது. இரும்புக் கதவு திறந்து, குடோனின் அந்தக் கோடியில் வெயில் ஒரு நீட்டுத் துண்டாக உள்ளே விழுந்தது.

லியோ எப்படி எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. வெளிச்சத்தைப் பார்த்து ஓடினான். கதவு நிலையைப் பிடித்துத் தலையை வெளியே நீட்டிக் காற்றைக் குடித்தான். சேற்று வாசனை, மீன் வாசனை, தூரத்தில் ஒரு படகு மோட்டார்.

"வாங்க மேடம்" என்றான் கொளஞ்சியப்பன். துண்டில் எதையோ சுற்றிக்கொண்டிருந்தான். "பழைய துப்பாக்கி ஒண்ணு, ஸ்பேர். தம்பி உசுருக்காகத்தான் எடுத்தேன். வெளிய சொல்லிடாதீங்க."

"பதினோரு துப்பாக்கியையும் போலீஸ் எடுத்துகிட்டுப் போச்சின்னீங்களே?" ஜெயராணி அவனுக்கு அஞ்சாறு அடி தள்ளி வந்து நின்றாள். "இது பன்னண்டாவது. துண்ட எடுங்க, பாக்கறேன். ஆறு இஞ்ச். துண்டுக்கு மேலயே நீளம் தெரியுது. சுட்டா எகிறாது. சிங்காரம் சாரையும் அது ஒரே குண்டுலதான் சாய்ச்சிது, இல்ல?"

கொளஞ்சியப்பன் துண்டை எடுத்தான். ஆனால் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. ஜெயராணியைக் குறி பார்த்து நீட்டினான்.

"இருபத்திரெண்டு வருஷம் மேடம். அடுத்தவன் துப்பாக்கிய நான் துடைச்சேன். அடுத்தவன் புள்ளைங்களுக்கு மெடல் வாங்கிக் குடுத்தேன். இது என் கைக்குன்னே செஞ்ச மாதிரி இருந்திச்சி. மே மாசம் சோதிச்சிப் பாருன்னு கையில குடுத்தாரு. ரெண்டு மாசம் சுட்டேன். நானும் மாநில டீம் செலக்‌ஷனுக்குப் போறேன் சார்னேன். சிரிச்சாரு மேடம். ஒனக்கெதுக்குய்யா, இது பெலிசியாவுக்குன்னாரு." அவன் குரல் உடைந்தது. கை ஆடவில்லை. "ரெண்டு பேரும் மூட்டை பக்கம் போங்க."

லியோவுக்கும் வெளிக்கும் நடுவில் ஒரே ஒரு எட்டுதான். வெளியே குதித்தால் ஆற்றங்கரை, ஓடிவிடலாம். உடம்பின் ஒவ்வொரு நரம்பும் அதைத்தான் சொன்னது. திரும்பிப் பார்த்தான். அந்த நீளமான பேரல் ஜெயராணியின் நெஞ்சுக்கு நேராக, துளிகூட ஆடாமல் நின்றது. டார்கெட் சுடுகிறவன். குறி தெரிகிற வரைக்கும் தப்பமாட்டான்.

குறி தெரிய வெளிச்சம் வேண்டும்.

லியோ கதவின் பிடியைப் பிடித்து உள்பக்கமாகப் படாரென்று இழுத்துச் சாத்தினான். கண்ணைக் குத்தும் வெயிலில் இருந்து ஒரே நொடியில் கும்மிருட்டு. ஜெயராணி தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. லியோ கொளஞ்சியப்பன் நின்ற திசையில் பாய்ந்தான். துழாவின கையில் நீளமாகச் சூடான இரும்பு தட்டியது. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து மேலே தூக்கினான். ஆறு இஞ்ச் பிடிக்கத் தாராளமாக இடம் கொடுத்தது. வெடித்தது. கூரை ஓடு ஒன்று நொறுங்கி வெயில் ஊசியாக இறங்கியது. உருளைச் சந்தில் இருந்து பாய்ந்த நெருப்பு அவன் விரல்களைக் கருக்கியது. விடவில்லை. மணலில் இரண்டு பேரும் புரண்டார்கள். அதற்குள் ஜெயராணி வளைந்த பைப்பை எடுத்துக் கொளஞ்சியப்பனின் மணிக்கட்டில் ஒரு போடு போட்டாள்.

முன்கதவு திறந்தது. வெளிச்சத்தை முதுகில் வாங்கிக்கொண்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். பெலிசியாவின் அம்மா சவரியம்மாள்.

கொளஞ்சியப்பன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் துப்பாக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயராணி அதைக் கைக்குட்டையால் எடுத்தாள். வெடிச்சத்தம் கேட்டு ஓடி வந்த வாட்ச்மேன் சாமிக்கண்ணு பயந்துகொண்டே கொளஞ்சியப்பன்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு நின்றான். ஜெயராணி வெளியே போய் போன் போட, அரை மணியில் ஜீப் வந்தது. சீட்டைக் குண்டுக் கணக்காகப் படித்த அதே இன்ஸ்பெக்டர். துப்பாக்கியையும் ஜெயராணி அளந்து காட்டிய திண்டையும் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கொளஞ்சியப்பன் யாரும் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னான். பெலிசியாவுக்கு இரண்டு நாளில் ஜாமீன் கிடைத்துவிடும் என்றார் இன்ஸ்பெக்டர்.

லியோ வெளியே குழாயடியில் உட்கார்ந்து விரல்களைத் தண்ணீரில் வைத்திருந்தான். சவரியம்மாள் முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட வந்தாள்.

"அத்தே, நீங்க எப்ப வந்தீங்க?"

அவள் துணியை இறுக்கிக் கட்டினாள். முடிச்சுப் போட்ட பிறகுதான் சொன்னாள். "நான் வரலப்பா. இங்கதான் இருந்தேன். கதவ மூடுனதே நான்தான்."

லியோ நிமிர்ந்தான். ஜெயராணி நாலடி தள்ளி நின்றிருந்தாள்.

"வாட்ச்மேன நான்தான் அனுப்பி வச்சேன்" என்றாள் அவள். "போலீஸ் தேடியும் கிடைக்காதது, நாம தேடி ரெண்டு மணிக்குள்ள கிடைக்குமா? அவனே எடுத்தாத்தான் உண்டு. அவனுக்கு அவசரம் இருந்துச்சி. வெளிய போக வழியில்லாம ஒரு பூட்டு வேணும், அவ்ளோதான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ நடிச்சிருப்ப. அவன் இருபத்திரெண்டு வருஷமா அடுத்தவன் கை நடுங்கறதப் பாத்துச் சொல்லிக் குடுத்தவன். நெஜ நடுக்கம் எது, பொய் எதுன்னு அவனுக்குத் தெரியும்." டேப்பைக் கைப்பைக்குள் போட்டாள். "ஒன் நடுக்கத்தப் பாத்துதான் எடுத்தான்."

லியோ சவரியம்மாளிடம் திரும்பினான். "நான் கத்துனது கேட்டுதா அத்தே?"

"எல்லாம் கேட்டுச்சி." அவள் கண் நிறைந்துவிட்டது. "ரெண்டு தடவ தாழ்ப்பாள்ல கைய வச்சிட்டேன் தம்பி. மாதாவேன்னு நீ கத்தும்போது பாதி இழுத்தே போட்டேன்."

"அப்புறம் ஏன் தொறக்கல?"

"தொறந்திருந்தா எம் பொண்ணு உள்ளயே கெடப்பா."

லியோ தலையை ஆட்டினான். அது அவனுக்குப் புரிந்தது. எழுந்து, காயம்படாத கையை அவளுக்கு நீட்டித் தூக்கிவிட்டான். "வாங்க அத்தே. ஜெயில்ல மனு போட்டுப் பாக்கற நேரம் நாலு மணிக்கு முடிஞ்சிடும். பெலிசியாகிட்ட நீங்களே சொல்லுங்க."

"ஆட்டோ பிடிச்சித் தரேன்" என்றாள் ஜெயராணி.

"வேணாம் மேடம். பஸ்ல போறோம்." இரண்டடி நடந்தவன் நின்றான். "அவுங்க பொண்ணுக்காகத் தொறக்கல. அது எனக்குக் கோவமில்ல. ஆனா ஐஸ் குடோன் கதைய நான் ஒலகத்துல ஒரே ஒரு ஆள்கிட்டதான் சொன்னேன்."

ஜெயராணி அவனைப் பார்த்து முன்னால் வந்தாள். 

லியோ காத்திருக்கவில்லை. சவரியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆற்றங்கரை மண்பாதையில் மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தான்.